ஒன்பது வருடம் இறங்கிய மூடி

கப்பல்காரருக்காகச் செய்த சுருட்டுப் பெட்டியின் மூடி, திறந்து கையை விட்ட பிறகு முழுதாக மூடிக்கொள்ள ஒன்பது வருடமும் சில மாதங்களும் எடுத்துக்கொண்டது. இதற்காகத் தெருவில் யாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரவில்லை. அதைச் செய்த தச்சுப் பட்டறையிலிருந்து வெளியே போன பெட்டிகளின் மூடிகள் எல்லாமே நிதானமானவைதான் என்பது ஊரறிந்த சங்கதி. எதிர்வரிசைத் தையற்காரர் கத்தரிக்கோல் வைக்க ஒன்று வாங்கினார். காலையில் கத்தரியை எடுத்துவிட்டு மூடியை விட்டால், அவர் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்துக்குத்தான் அது மூடும். மருந்துக்கடைக்காரர் மகளின் கல்யாணத்துக்கு வாங்கிய நகைப்பெட்டி, அவள் புகுந்த வீட்டில் காலெடுத்து வைத்த அன்று திறந்தது, முதல் பிள்ளை பிறந்த வாரத்தில் மூடியது. இடைப்பட்ட காலத்தில் மாமியார் நகைகளைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினாள். பெட்டியைக் குறை சொல்ல அவளுக்கும் மனம் வரவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சுருட்டு காய்ந்தால் பொடியாகும், நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால் சுருட்டுப் பெட்டிக்குள் எப்போதும் ஒரே அளவு ஈரம் நிற்க வேண்டும், வெளிக்காற்று உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. வெளிப்பெட்டிக்குள் தேவதாருப் பலகையால் இன்னொரு பெட்டியை இறுக்கிப் பொருத்துவார்கள். அந்த உள்பலகை விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும், அதற்கு உதடு என்று பெயர். மூடி அந்த உதட்டைச் சுற்றிலும் அணைத்துக்கொண்டு இறங்க வேண்டும். வேலை சரியாக இருந்தால் மூடி பொத்தென்று விழாது. உள்ளே அகப்பட்ட காற்று வழி தேடித் தேடிக் கசிய, மூடி தயங்கித் தயங்கி இறங்கி, கடைசியில் உஸ் என்று ஒரு மூச்சு விட்டு உட்காரும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகத்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். மற்றபடி இதில் பெரிய சுகம் எதுவும் இல்லை.

பெட்டி செய்தவரை எல்லோரும் அரைநூல் என்றுதான் கூப்பிட்டார்கள். நூல் என்பது தச்சர்களின் அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி பிசகினாலும் பலகையைத் தூக்கி விறகுக் கூடையில் போட்டுவிடுவார் என்பதால் வந்த பெயர். வீட்டில் அடுப்பெரிக்க விறகு வாங்கியதே கிடையாது என்று அவர் மனைவி சொல்வாள். அவள் பாலிஷ்காரி. நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்றை மூடியபோது, வேலை கேட்டு இந்தப் பட்டறைக்கு வந்தவள். அவர் ஒரு மேசைப் பலகையைக் கொடுத்துப் பாலிஷ் போடச் சொன்னார். அவள் போட்டுவிட்டு, "இந்த மூலையில இணைப்பு விலகியிருக்கு, அரக்கு உள்ள இறங்குது" என்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், பலகையை விறகுக் கூடையில் போட்டார், அடுத்த மாதம் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளை குட்டி இல்லை. அதைப் பற்றி முதல் சில வருடங்கள் பேசிக்கொண்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். பொதுவாகவே அவர்களுக்குள் பேச்சு குறைவு. அவர் செய்து முடித்ததை அவள் பக்கம் தள்ளுவார். அவள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு உம் என்பாள், இல்லையென்றால் திருப்பித் தள்ளுவாள். ஒரு நாளைக்கு வேண்டிய சண்டையும் சமாதானமும் அதிலேயே முடிந்துவிடும்.

கப்பல்காரர் வந்தது ஒரு மழைநாளில். பாதி ஆயுளைக் கடலில் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், உருவத்தில் ஒரு பீரோ. வாசற்படியில் அவர் நின்றதும் பட்டறை இருட்டிப்போனது. கடலில் இருந்தவரை உப்புக்காற்று அவருடைய சுருட்டுகளை ஊறவைத்தது, கரைக்கு வந்தால் வெயில் உலர்த்தியது, இனிமேலாவது ஒரு சுருட்டை ஒழுங்காகப் பிடித்துவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும் என்பது அவர் ஆசை. அரைநூல் ஒப்புக்கொண்டார். அதே வாரம் டாக்டர் அரைநூலின் நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், பாலிஷ்காரியைப் பார்த்தார், பிறகு இருவரையும் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். "நெஞ்சு முழுக்க மரத்தூள். ஒரு மாசம். அதுக்கு மேல ஆசைப்படாதீங்க" என்றார். அரைநூல் விரல்விட்டு ஏதோ எண்ணிவிட்டு, "பெட்டிக்குப் போதும்" என்றார். அவருக்கு அந்த ஒரு மாதம் போதுமா என்று அவள் கேட்கவில்லை, அவளுக்குப் போதுமா என்று அவரும் கேட்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே நடந்தாள், அவர் பித்தளைக் கீல்களைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தார்.

அந்தப் பெட்டியைப் போல ஒன்றை அவர் அதற்கு முன் செய்ததில்லை. பரணில் துணி சுற்றிக் கிடந்த ஈட்டி மரப் பலகை ஒன்றை இறக்கினார். அவர் அப்பா காலத்திலிருந்து அதை யாரும் தொட்டதில்லை, அத்தனை வருடம் காய்ந்து காய்ந்து இனிச் சுருங்குவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. ஒரே பலகையிலிருந்து நான்கு பக்கங்களையும் வரிசையாக அறுத்தார், மரத்தின் ரேகை ஒரு மூலையில் திரும்பி அடுத்த பக்கத்தில் அறுபடாமல் ஓடும்படி. நுனிகளைச் சாய்வாக இழைத்து, வஜ்ஜிரப் பசை தடவி, பழைய சைக்கிள் டியூப்பால் சுற்றிக் கட்டினார். பெட்டியையும் மூடியையும் தனித்தனியாகச் செய்கிற பழக்கம் அவரிடம் இல்லை. ஆறு பக்கமும் அடைத்த ஒரே கட்டியாகச் செய்வார், பிறகு ரம்பத்தைச் சுற்றிலும் ஓட்டி மூடியைப் பிரிப்பார். அப்போதுதான் மூடி பெட்டியை மறக்காது என்பார். ரம்பம் ஓடும்போது இருமல் வந்தால் கை ஆடிவிடும். அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு அறுத்தார், ஒரு பக்கம் முடிந்ததும் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கத்துக்குச் சேரவேண்டிய இருமலையெல்லாம் இருமித் தீர்த்தார். அவள் அடுத்த அறையில் அரக்கைத் தூளாக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்காவது இருமல் அடங்க வெகுநேரம் ஆனது.

பிறகு பெட்டி அவள் கைக்கு வந்தது. உப்புத்தாள் போட்டாள், ஈரத்துணியால் துடைத்து நார் எழும்பியதும் மறுபடி உப்புத்தாள் போட்டாள், மரத்தின் துளைகளை நுரைக்கல் பொடியால் அடைத்தாள். பஞ்சைப் பழைய துணியில் சுற்றி, அரக்கில் நனைத்து, ஒரு துளி எண்ணெய் தொட்டு, எட்டுப் போட்டபடி தேய்த்தாள். ஒரு பூச்சு, காய விடுதல், இன்னொரு பூச்சு. பார்ப்பவருக்கு ஒன்றும் நடப்பதாகவே தெரியாது. ஒரு காலை வந்து பார்த்தால் மரத்துக்குள் ஜன்னல் தெரியும். உள்ளே மட்டும் ஒரு சொட்டு கூட இல்லை. அது இந்த வேலையின் முதல் பாடம். உள்பலகையில் அரக்கு பட்டால் மரம் ஈரத்தைக் குடிக்காது, சுருட்டில் வாடை ஏறும், மூடி ஒட்டும். உள்ளே பாலிஷ் போட்டவன் என்று ஒருவனைச் சொன்னால் அது அந்தத் தொழிலில் கெட்ட வார்த்தை. அவள் வாழ்நாளில் உள்ளே ஒரு சொட்டுச் சிந்தியவள் இல்லை. கடைசிப் பூச்சு காய்ந்ததும் உதட்டையும் உள்பலகையையும் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துத் துடைத்து, மரம் தாகம் தீரக் குடிக்கும்வரை காத்திருந்தாள். ஒரு மத்தியானம் அவர் கீல்களை முடுக்கினார். அவள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் மூடியை நிமிர்த்தி, கையை விட்டார். மூடி நின்ற இடத்திலேயே நின்றது.

கீல் இறுக்கம் என்று நினைத்துக் கழற்றி எண்ணெய் விட்டு மறுபடி மாட்டினார். அப்போதும் அதே கதை. தேநீர் ஆறியது. ஒரு மரக்குச்சியை இடைவெளிக்குச் சரியாக நறுக்கி முட்டுக் கொடுப்பதுபோல் நிறுத்தி, மூடியைத் தொடாமல் எடுத்துவிட்டார். மறுநாள் காலை அதே குச்சியை நிறுத்தப் பார்த்தார், ஒரு மயிரிழை நீளம் கூடுதலாக இருந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் தீர்ந்த பிறகும் சிரித்தார். காற்றுக்குப் போக வழியில்லை. அவருடைய இணைப்பில் ஊசிமுனை இடைவெளி கிடையாது, அவளுடைய பாலிஷில் மரத்தின் ஒரு துளை கூடத் திறந்திருக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து காற்றை அப்படி அடைத்துப்போட்டிருந்தார்கள். "இது உக்காரும்போது ஒரு மூச்சு விடும் பாரு. அதைக் கேட்காம நான் போகமாட்டேன்" என்றார். பிறகு முகம் மாறி, "யாரும் தொடக் கூடாது. பாதியில தூக்கிவிட்டா கணக்கு கெட்டுப்போயிடும். என் வேலை சரியா தப்பான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். நீ தொடமாட்டேன்னு சொல்லு" என்றார். அவள் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டே, "தானா உக்காருற வரைக்கும் என் கை மூடி மேல படாது. போதுமா?" என்றாள். அவர் உம் என்றார்.

மாதக் கடைசியில் நாத்தனார் வந்து சேர்ந்தாள். அரைநூலின் அக்கா, சின்ன வயதிலேயே தனித்துப்போனவள், எதிலும் முன்னேற்பாடு உள்ளவள். துக்கத்துக்கு உடுத்த வேண்டிய துணியை மடித்துத் துணிப்பெட்டியின் அடியில் வைத்து, வாசலிலேயே அழத் தயாராக வந்தாள். தம்பி உளி தீட்டிக்கொண்டிருந்தார். "என்னடா, இன்னும் இருக்கியா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். "மூடி இறங்கிட்டு இருக்குக்கா, உக்காரு" என்றார் அவர். அவள் உட்கார்ந்தாள். முதல் மாதம் கூடத்தில் தூங்கினாள், இரண்டாவது மாதம் ஒரு கட்டில் வாங்கிப் போட்டாள், முதல் வருடம் முடிவதற்குள் அடுப்படியில் எந்த டப்பா எங்கே இருக்க வேண்டும் என்பதில் பாலிஷ்காரியோடு ஒரு முழுச் சண்டையும் போட்டு முடித்திருந்தாள். சாவுக்கு வந்தவள் என்று தெருவில் அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அவளும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அரைநூலுக்கு நோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டாக்டர் வருடத்துக்கு ஒருமுறை வந்து நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்பார், பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து இடைவெளியைப் பார்ப்பார், இரண்டையும் குறித்துக்கொண்டு போவார். அவர் ஓய்வு பெற்றபோது புதிதாக வந்த டாக்டரம்மாவிடம் படத்தை ஒப்படைத்து, "இவர் அடுத்த மாசம் தாண்டமாட்டார்" என்று சொன்னார். எந்த வருடத்தின் அடுத்த மாதம் என்று சொல்ல மறந்துவிட்டார்.

கப்பல்காரர்தான் பொறுமை இழந்தார். மூடாத பெட்டியை வாங்கிக்கொண்டு போவது எப்படி, வாங்காமல் போவதும் எப்படி. முதல் வருடம் ஒரு நாள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இரண்டு உள்ளங்கைகளையும் மூடிமேல் ஊன்றி, தன் முழு எடையையும் இறக்கிப் பார்த்தார். அம்மிக்கல்லை அமுக்குவது போல இருந்தது. கை வலித்ததே தவிர மூடி ஒரு மயிரிழை கூட முந்தவில்லை. மாட்டிக்கொண்டபோது அரைநூல் திட்டவில்லை. "அமுக்கினா போகாது சார். அதுக்கு அதோட வேகம்தான்" என்றார். அதற்குப் பிறகு கப்பல்காரர் வாரத்துக்கு ஒருநாள் வந்து, சட்டைப்பையில் ஒரு சுருட்டோடு உட்கார்ந்து, அதைப் பற்றவைக்காமல் முகர்ந்துகொண்டிருந்தார். வாரம் ஒருநாள் என்பது பிறகு தினமும் என்று ஆனது. நாத்தனார் போடும் தேநீர் கப்பலில் கூடக் கிடைக்காதது என்று சொன்னார். அவர்கள் இரண்டு பேரும் சீட்டு விளையாடினார்கள். யார் ஏமாற்றுகிறார்கள் என்பதில் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். தெருவிலும் அந்த மூடி புழக்கத்துக்கு வந்துவிட்டது. தைத்த சட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்டால் தையற்காரர் மூடி மூடுறதுக்குள்ள தந்துடறேன் என்பார், கேட்டவரும் கோபப்படாமல் திரும்பிப் போவார்.

முதல் கோடையிலேயே பாலிஷ்காரி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். இடைவெளியில் கன்னத்தை வைத்தால் மெல்லியதாக ஒரு காற்று கசிந்து வந்தது, அது பெட்டி முடிந்த அந்த மத்தியானத்தின் காற்று. வெளியே வெயில் கொளுத்தினாலும் அதில் அன்றைய ஈரம் இருந்தது, அன்று வைத்த தேநீரின் வாசம் இருந்தது. காது கொடுத்துக் கேட்டால் அவர் கீலை முடுக்கியபோது விட்ட மூச்சு துண்டு துண்டாக வந்தது. சாவதற்கு ஒரு மாதம் கூட மிச்சமில்லாத ஒரு மனிதரின் காற்று அது. அவர் அதற்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து வேலை செய்தார், அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார். அது தீரும்போது என்ன ஆகும் என்பதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர்கள் மூடி இறங்குவதைப் பார்த்தார்கள், அவள் காற்று தீர்வதைப் பார்த்தாள். காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன் பட்டறைக்கு வந்து இடைவெளியைப் பார்ப்பாள். முதலில் அதில் தலையை நுழைக்கலாம் போல இருந்தது. பிறகு கை. பிறகு நான்கு விரல்.

நாலைந்து வருடம் போன பிறகு ஒருநாள் அவளால் பொறுக்க முடியவில்லை. அவர் அவளுக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னலோரத்தில் ஒரு இழுப்பறையை இழைத்துக்கொண்டிருந்தார். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, சும்மா தூசி தட்டுகிறவளைப் போல நின்று, மூடிக்கு அடியில் விரலைக் கொண்டுபோனாள். ஒரு தூக்கு. மறுபடி முதலிலிருந்து. யாருக்கு என்ன நட்டம். இழைப்புளிச் சத்தம் நின்றது. அவர் திரும்பவில்லை. "கை" என்றார், அவ்வளவுதான். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அன்று முழுக்க அவர் அவளோடு பேசவில்லை, மறுநாள் காலையில் ஒரு பலகையை அவள் பக்கம் தள்ளினார். அவள் தடவிப் பார்க்காமலே திருப்பித் தள்ளினாள். அன்றைய சண்டை அதோடு முடியவில்லை. அடுப்படியில் போய் நாத்தனாரிடம் கொட்டித் தீர்த்தாள். "அவருக்கு அந்தச் சத்தம் கேட்டா போதும் அண்ணி. கேட்டுட்டு நிம்மதியா போயிடுவாரு. நான் ஒருத்தி இருக்கேன்னு எப்பவாவது நினைச்சாரா?" நாத்தனார் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, "நீ சொன்னியா?" என்றாள். அவள் சொன்னதில்லை. போகாதீர்கள் என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் அப்படிப்பட்ட வார்த்தைகள் புழங்கியதில்லை.

கடைசி வருடம் வந்தது. முன்பக்கத்து இடைவெளி ஒரு விரலுக்கு வந்து, அதற்கும் கீழே போனது. அரைநூல் உற்சாகமாக இருந்தார், அதுதான் அவளைக் கொன்றது. உளிகளையெல்லாம் தீட்டி எண்ணெய் தடவி அடுக்கினார். முடிக்காத வேலைகளை முடித்தார். சட்டைகளில் நல்லதையெல்லாம் ஒதுக்கிவைத்து, இதைத் தையற்காரருக்குக் கொடு, தோள் அளவு ஒன்றுதான் என்றார். சாப்பிடும்போது நடுவில் நிறுத்தி, அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று யோசிப்பார். "சின்னதா இருக்கும்னு நினைக்கிறேன். ஒன்பது வருஷம் விட்ட பிறகு என்ன பெரிசா மிச்சம் இருக்கப் போகுது" என்பார். ஊருக்குப் போகிறவர் ரயிலைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு அவளைப் பிடிக்காமலில்லை. அது அவளுக்குத் தெரியும். தன் வேலை சரியா என்று தெரிந்துகொள்ளும் ஆசைக்கு முன்னால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது, அவளைக் கட்டிக்கொண்டதே அவள் ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சொன்னதால்தான். அதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள், வெகுநேரம் கழுவினாள்.

மறுநாள் காலை, நல்ல வெளிச்சத்தில், அவர் முகம் மழித்துக்கொள்ளக் கொல்லைப்பக்கம் போயிருந்தபோது, அவள் கோடு இழுக்கிற மெல்லிய தூரிகையை எடுத்தாள். அதன் நுனியை அரக்கில் தொட்டு, கிண்ணத்தின் விளிம்பில் வழித்தாள். பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டாள், அவர் ரம்பம் ஓட்டும்போது அடக்கியது போலவே. மூடியைத் தொடக் கூடாது. மூடிக்கும் உதட்டுக்கும் நடுவில், மேலும் படாமல் கீழும் படாமல், தூரிகையை நுழைத்து, முன்பக்கத்து வலது மூலையில், உதட்டின்மேல் ஒரு பூச்சு. கெட்ட வார்த்தை சொல்வது போல இருந்தது. கண் கலங்கி மூலை தெரியாமல் போனது, துடைத்துக்கொண்டு இன்னொரு பூச்சு. ஈரம் குடித்த மரத்தில் போட்ட அரக்கு எந்தக் காலத்திலும் முழுதாகக் காயாது என்பது எந்தப் பாலிஷ்காரிக்கும் தெரியும். தூரிகையை வெளியே எடுத்துத் திரும்பியபோது வாசலில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அவள் தூரிகையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், ஒன்பது வருடமாக அந்தச் சாவுக்காகக் காத்திருந்த முகத்தில் ஒன்றும் காட்டாமல் கொல்லைப்பக்கம் திரும்பி, "தம்பி, உள்ள வராத, வெயில் நல்லா இருக்கு, இங்கயே கொஞ்சம் உக்காரு, நான் தேநீர் கொண்டாறேன்" என்று உரக்கச் சொன்னாள். அரக்கு வாடை போகும்வரை அவரை வெயிலில் பிடித்துவைத்தாள். அவள் அத்தனை பேசி யாரும் பார்த்ததில்லை, அவர்களுடைய பள்ளிக்கூடத்துக் கதையிலிருந்து ஆரம்பித்தாள்.

மூடி உட்காரும் நாள் நெருங்கியதை அரைநூல் குச்சி வைத்துக் கணித்திருந்தார், பெரிதாகப் பிசகவில்லை. அன்று தையற்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார், மருந்துக்கடைக்காரர் வந்தார், டாக்டரம்மா கைப்பையோடு வந்து ஓரமாக நின்றார். கப்பல்காரர் நல்ல சுருட்டாக ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நாத்தனார் தன் துணிப்பெட்டியின் அடியிலிருந்து துக்கத் துணியை எடுத்து உதறி, அதன் ரவிக்கை இப்போது இடுப்பில் பிடிக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு, கையில் மடித்து வைத்துக்கொண்டாள். அரைநூல் முக்காலியில் உட்கார்ந்து காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பாலிஷ்காரி அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றாள். யாரும் இருமவில்லை, அவர்கூட இருமவில்லை. ஒளி தெரிந்த கோடு மெலிந்து, மெலிந்து, ஒரு தலைமயிர் போலாகி, இல்லாமல் போனது. மூடி உட்கார்ந்தது. உஸ் என்ற சத்தம் வரவில்லை. ப்ச் என்றது பெட்டி.

எல்லோரும் அரைநூலைப் பார்த்தார்கள், அவர் போய்விட்டாரா என்று. அவர் போகவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு குனிந்து விளிம்பில் விரலை ஓட்டினார். வலது மூலைக்கு வந்ததும் விரல் நின்றது. மூக்கை அங்கே கொண்டுபோய் முகர்ந்தார், நேரம் எடுத்துக்கொண்டு முகர்ந்தார். நிமிர்ந்து திரும்பி மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கைகளைப் பார்த்தார். நகக்கண்களில் எப்போதும் போல அரக்கின் பழுப்பு. "இத்தனை வருஷத்துல உள்ள ஒரு சொட்டுச் சிந்தினவ இல்ல நீ" என்றார். அவள் பாலிஷ் பூசிய சுவர் போல நின்றாள், கண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவரிடம் ஒன்றையும் கேட்டதில்லை. அந்த மூலையில் கேட்டிருந்தாள். அது அவருக்குப் புரிந்தது, அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்தது. அவர் முழங்கால்மேல் கையை ஊன்றிக்கொண்டு எல்லோரையும் பார்த்து, "வேலையில குறை இருக்கு. இப்படியே விட்டுட்டுப் போனா என் பேரு கெட்டுடும்" என்றார். பிறகு அவளிடம் திரும்பினார். "திற."

"நானா?" என்றாள் அவள்.

"பின்ன? தானா உக்காந்தாச்சே. இனிமே உன் கை படலாம்."

அவள் வந்து மூடியைத் தூக்கினாள். மூலையில் ஒட்டியிருந்த அரக்கு சின்னதாக டப் என்று விட்டது, பிறகு மூடி மற்ற எந்தப் பெட்டியின் மூடியையும் போல லேசாக எழுந்தது. பெட்டிக்குள் அந்த நாளின் காற்று புகுந்தது: தையற்காரரின் இஸ்திரி வாடை, பற்றவைக்காத சுருட்டு, டாக்டரம்மாவின் சோப்பு, அழுது முடித்த ஒரு பெண்ணின் மூச்சு. "உப்புத்தாள் போட்டு அந்த அரக்கை எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். "எடுக்கலாம், எடுக்கலாம். இப்ப என்ன அவசரம்" என்றார் அவர். "விடு." அவள் கையை விட்டாள். மூடி நின்ற இடத்திலேயே நின்றது. அரைநூல் ஒரு குச்சியை நறுக்கப் போனார்.

டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் வருகிறேன் என்று புறப்பட்டார். கப்பல்காரர் கொண்டுவந்த சுருட்டைச் சட்டைப்பையில் திருப்பி வைத்துக்கொண்டு, நாத்தனாரிடம் தேநீர் உண்டா என்று கேட்டார். அவள் துக்கத் துணியின் ரவிக்கையைத் தையற்காரரிடம் நீட்டி, இடுப்பைக் கொஞ்சம் பிரித்துத் தைத்துத் தரச் சொன்னாள். அவர், மூடி மூடுறதுக்குள்ள தந்துடறேன் என்றார்.

இப்போது இடைவெளி ஒரு கையின் அகலத்துக்கு வந்திருக்கிறது. கப்பல்காரர் பக்கத்து வீட்டுக்கே குடிவந்துவிட்டார். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவது யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. அரைநூல் அதே முக்காலியில் உட்கார்ந்து இழைக்கிறார், செய்து முடித்ததை மனைவியின் பக்கம் தள்ளுகிறார், அவள் தடவிப் பார்த்துவிட்டு உம் என்கிறாள். முன்பக்கத்து வலது மூலையில் அரக்கு அப்படியே இருக்கிறது. அதை எடுக்க இரண்டு பேருக்கும் இன்னும் நேரம் கிடைக்கவில்லை.